பதினோராயிரம் அடி
(எம்.ரெட்டியபட்டி நூல்நிலைய விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வானம் பார்த்த பூமியில், கம்பும் சோளமும் பருத்தியும் விளைவித்து வாழும் மக்களிடையே வந்து சினிமாவைப் பற்றிப் பேசுவதா என்ற சந்தேகம் சிலருக்கு எழக்கூடும். ஆனால் நான் பேச எடுத்துக்கொண்ட விஷயமோ, இந்தப் பழைய ராமநாதபுரம் ஜில்லாவைத் தொடாமல் சொல்லவே முடியாத விஷயம். இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது தமிழ்நாட்டில் படம் பிடித்தவர்களின் கதை அது. அதில் சிரிப்பும் உண்டு, அச்சிரிப்புக்கு அடியில் நெஞ்சைப் பிழியும் துக்கமும் உண்டு.

யுத்தத்தையும் ஹாஸ்யத்தையும் ஒரே மூச்சில் பேசுவது தர்மமா என்று கேட்பவர்களுக்கு மேனாட்டிலிருந்து இரண்டு திருஷ்டாந்தங்கள் சொல்கிறேன். ஹிட்லரின் சேனை ஐரோப்பாவில் பாதியை விழுங்கி நின்ற 1942ஆம் ஆண்டிலேயே, எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் என்ற டைரக்டர், போலந்து நாட்டு நாடக நடிகர்கள் நாஜிகளின் வேஷம் போட்டு நாஜிகளையே ஏமாற்றுவதாக ஒரு படம் வெளியிட்டார். அதன் கதாநாயகி கரோல் லம்பார்ட், படம் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன், யுத்தக் கடன் பத்திரங்களை விற்கப் போய்த் திரும்புகையில் விமான விபத்தில் மாண்டுபோனார். சிரிக்க வைத்த முகத்துக்கு உரியவர் உயிரோடில்லை என்று தெரிந்தே ஜனங்கள் அப்படத்தைப் பார்த்தார்கள்.

மற்றொன்று படமல்ல, நடந்த சம்பவம். எரிஹ் கெஸ்ட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளருடைய புத்தகங்களை நாஜிகள் 1933இல் நடுவீதியில் போட்டுக் கொளுத்தினார்கள். பத்து வருஷம் கழித்து, அதே ஆட்சியின் கீழ் இயங்கிய உஃபா படக் கம்பெனி தன் வெள்ளிவிழாப் படத்துக்கு வசனம் எழுத ஆள் தேடியபோது, அந்தக் கெஸ்ட்னரையே அழைத்துப் புனைபெயரில் எழுதச் செய்தது. 1945ஆம் ஆண்டு வசந்த காலத்தில், ருஷியச் சேனை பெர்லினை நெருங்கிவிட்ட சமயத்தில், அக்கம்பெனியைச் சேர்ந்த அறுபது பேர் அளவில், வெளிப்புறக் காட்சி எடுக்கப் போவதாகச் சொல்லி உத்தரவுச் சீட்டுப் பெற்று, டிரோல் மலைநாட்டில் மாயர்ஹோஃபன் என்ற கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கெஸ்ட்னரும் உடன் போனார். அங்கே நடிகர்கள் மையிட்டுக்கொண்டு நின்றார்கள், விளக்குப் பிடிப்பவர் விளக்குப் பிடித்தார், டைரக்டர் குரல் கொடுத்தார், காமிராவும் சுழன்றது. காமிராவுக்குள் பிலிம் மட்டும் இல்லை. உயிர் பிழைப்பதற்காக அறுபது பேர் ஒரு கிராமத்தின் கண்ணெதிரே எடுக்காத படத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கெஸ்ட்னர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இதைப் படித்த நாள் முதல் என் மனத்தில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. இத்தகைய சம்பவங்கள் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் மட்டும் உரியவையா? நம்முடைய யுத்த காலச் சினிமாச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், இதற்குச் சற்றும் குறையாத விசித்திரங்கள் அதில் நிறைந்திருக்கின்றன; அவற்றைப் படமாக்க ஒருவரும் முன்வரவில்லை என்பதுதான் குறை.

1942ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து பாருங்கள். பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. முந்தைய யுத்தத்தில், 1914இல், எம்டன் கப்பல் வந்து குண்டு வீசிவிட்டுப் போனதை மறக்காத சென்னை நகரம், இம்முறை சேனையே வந்து இறங்கப் போகிறது என்று நடுங்கி, மூட்டை முடிச்சுகளோடு ரயிலேறியது. சர்க்கார் காரியாலயங்களே உள்நாட்டு ஊர்களுக்கு இடம் மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் துஷ்ட மிருகங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்று பயந்து, மலபார் ஸ்பெஷல் போலீசாரைக் கொண்டு மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றுபோட்டார்கள். அப்போது குண்டு விழவில்லை, ஜப்பான் சேனையும் வரவில்லை. செத்தவை, கூண்டுக்குள் அகப்பட்டு ஒரு குற்றமும் அறியாமல் நின்ற அந்த ஜீவன்களே.

இப்படி இருட்டடிப்பும் விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கொலியுமாக இருந்த பட்டணத்தில்தான் படமும் எடுக்க வேண்டியிருந்தது. எடுப்பதற்கு முதலில் வேண்டியது பிலிம் அல்லவா? அது இந்தியாவில் உற்பத்தியாகவில்லை; கடல் கடந்து வரவேண்டும். ஜெர்மானிய ஆக்பா சரக்கு யுத்தத்தோடு நின்றது. மற்றவற்றை ஏற்றிவரக் கப்பலில் இடம் கிடைப்பது துர்லபமாயிற்று. அன்றியும், அக்காலத்துப் பிலிம் நைட்ரோ செல்லுலோஸால் ஆனது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் ஊற வைத்துச் செய்யும் பொருள் அது. பதம் சற்று மாறினால் பீரங்கிக்கு வேண்டிய வெடிப்பஞ்சு. பருத்தி விளையும் இந்த பூமியில் இருப்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்: ஒரே பஞ்சு ஒரு பக்கம் நடிகர் தியாகராஜ பாகவதரின் முகமாகவும், மறுபக்கம் மனிதரைக் கொல்லும் மருந்தாகவும் ஆகக் கூடியதாக இருந்தது, யுத்த காலத்தில் அது எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே 1942இல் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது: எந்தப் படமும் 11,000 அடிக்கு மேற்படக் கூடாது, முன்னோட்டம் 400 அடிக்கு மேற்படக் கூடாது. மறு வருஷம் பிலிம் வாங்கவே லைசென்ஸ் வேண்டும் என்றாயிற்று. 35 மில்லிமீட்டர் பேசும் பிலிம் ஒரு நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். ஆகவே 11,000 அடி என்பது இரண்டு மணி நேரத்துக்கு மேல் இரண்டு நிமிஷம். அதற்கு முன்னோ, 18,000 அடி, 20,000 அடி என்று மூன்று மணி நேரத்தையும் தாண்டி ஓடி, நாற்பது ஐம்பது பாட்டுகளைச் சுமந்து, நாரதர் வரும்போது ஒரு பாட்டு, போகும்போது ஒரு பாட்டு என்று விடிய விடிய நடக்கும் நாடகத்தின் சாவகாசத்தோடு வளர்ந்த தமிழ்ப் படங்கள், ஒரே உத்தரவில் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்க வேண்டி வந்தது.

இதன் சங்கடம் ஸ்டூடியோவுக்குள் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். காமிராவின் தலைமேல் ஏறும் 400 அடிச் சுருள் ஒன்று நாலரை நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். பாட்டு முடியும் தறுவாயில் நடிகைக்கு ஓர் அடி தப்பிவிட்டால், மறுபடி எடுப்பதற்குப் போகும் பிலிம் லைசென்ஸ் கணக்கில் குறையும். ஆகையால் காமிராவை ஓட்டாமல் ஒத்திகைமேல் ஒத்திகை நடக்கும். சுருளின் கடைசியில் மிஞ்சும் ஐம்பது அறுபது அடித் துண்டுகளைக்கூட எறியாமல், கறுப்புக் காகிதத்தில் சுற்றித் தகர டப்பாவில் போட்டு, எத்தனை அடி என்று மேலே எழுதி வைத்து, ஒரே ஒரு முகம் திரும்பும் காட்சிக்கோ, கதவு திறக்கும் காட்சிக்கோ எடுத்துக்கொள்வதுதான் சிக்கனமான கம்பெனியின் வழக்கம். மாயர்ஹோஃபனில் பிலிம் இல்லாமலே காமிரா ஓடியது. சென்னையிலும் சேலத்திலும் பிலிம் செலவுக்கு அஞ்சிக் காமிரா ஓடாமல் நடிப்பு மட்டும் ஓடியது. என் அபிப்பிராயத்தில், இந்த 11,000 அடி உத்தரவு நம் சினிமாவுக்கு நன்மையே செய்தது. வெட்டத் தெரியாதவர்களுக்கு வெட்டக் கற்றுக்கொடுத்தது. ஆனால் கலைக்கு நன்மை செய்ய வேண்டும் என்று அந்த உத்தரவைப் போட்டவர்கள் எவரும் நினைக்கவில்லை.

பிலிமைக் கையில் வைத்திருப்பவன், என்ன படம் எடுக்க வேண்டும் என்றும் சொல்லத் தொடங்குவான். ஒவ்வொரு காட்சியிலும் சர்க்கார் அங்கீகரித்த செய்திப் படங்களைக் கட்டாயம் காட்டவேண்டும் என்று 1943இல் சட்டம் வந்தது. யுத்த முயற்சிக்கு ஆதரவான கதைப் படம் எடுக்க முன்வருபவருக்குப் பிலிம் கிடைப்பது எளிதாயிற்று. இந்த இடத்தில்தான், மேடையில் நின்று சொல்லும்போதே என் தொண்டையை அடைக்கும் அத்தியாயம் ஆரம்பமாகிறது.

கே. சுப்பிரமணியம் அவர்களை நீங்கள் அறிவீர்கள். கல்கி ஆனந்த விகடனில் எழுதிய ‘தியாகபூமி’யைக் கதை தொடராக வந்துகொண்டிருக்கும்போதே படமாக்கி, படத்தின் புகைப்படங்களையே தொடருக்குச் சித்திரங்களாகத் தந்து, 1939இல் வெளியிட்டவர். பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாகவும், எஸ்.டி. சுப்புலட்சுமி சாவித்திரியாகவும், பேபி சரோஜா அவர்கள் குழந்தையாகவும் நடித்த அப்படத்தில் தேசிய இயக்கத்தின் மூச்சு இருந்தது. அதைக் கண்ட சர்க்கார் படத்தைத் தடை செய்தது. தடையுத்தரவு கைக்கு வருமுன் கெயிட்டி தியேட்டரில் டிக்கெட் இல்லாமலே ஜனங்களுக்குக் காட்டியதையும், திரண்ட கூட்டத்தைக் கலைக்கப் போலீசார் தடியடி நடத்தியதையும் சினிமாச் சரித்திரம் எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். பின்னர் அவர் தலைமையில் நடந்த ஸ்டூடியோ தீவிபத்துக்கு உள்ளாகி ஏலத்துக்கு வந்தது. அதை எடுத்த எஸ்.எஸ். வாசன் அவர்கள் ஜெமினி ஸ்டூடியோ என்று பெயர் வைத்தார்.

தேசபக்திப் படம் எடுத்ததற்காகத் தடை வாங்கிய அந்த சுப்பிரமணியம் அவர்களே, ஜப்பானியரைச் சத்துருக்களாகக் காட்டி, யுத்த முயற்சிக்குத் துணைசெய்யும் ‘மானசம்ரக்ஷணம்’ என்ற படத்தை எடுத்தார்; 1945இல் அது வெளிவந்தது. நடித்தவர் அதே எஸ்.டி. சுப்புலட்சுமி. தடை செய்த கை ஒன்று, பிலிம் கொடுத்த கையும் அதுவே. இதைச் சொல்லி அப்பெரியவரைக் குறைகூற நான் வரவில்லை. ஸ்டூடியோ என்பது ஒரு மனிதனின் மனச்சாட்சி மட்டும் அன்று. தச்சர், தையற்காரர், விளக்குத் தூக்குபவர், வாத்தியக்காரர், சமையற்காரர் என்று எத்தனையோ அடுப்புகள் அதை நம்பி எரிந்தன. அன்றியும் பாசிஸ்டுகளை எதிர்ப்பது நியாயம் என்று உள்ளபடியே நம்பியவர்களும் காங்கிரஸ்காரர்களில் பலர் இருந்தார்கள். கெஸ்ட்னரின் நிலையையும் சுப்பிரமணியம் அவர்களின் நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, இரண்டு கண்டங்களில் இரண்டு கலைஞர்கள் ஒரே சுழலில் அகப்பட்டிருந்தது தெரிகிறது. இதைவிடப் பெரிய நாடகத்தை எந்த ஆசிரியன் கற்பனை செய்துவிட முடியும்?

சேலத்தில், ஏற்காடு மலையடிவாரத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர். சுந்தரம் அவர்கள் ‘பர்மா ராணி’ எடுத்தார். அருப்புக்கோட்டை நெசவாளப் பெருமக்கள் இங்கே இருப்பதால் சொல்கிறேன்: இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் நெசவுத் தொழில் கற்றுத் திரும்பியவர் அவர். ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த பர்மாவில், சுட்டு வீழ்த்தப்பட்ட இந்திய விமானிகள் அகப்பட்டுத் தப்புவதாகக் கதை, கே.எல்.வி. வசந்தா கதாநாயகி, ஹொன்னப்ப பாகவதர் கதாநாயகன். ஜப்பானிய சேனாதிபதியாக முதலாளி சுந்தரம் அவர்களே வேஷம் கட்டினார். பர்மாவுக்குப் போகக் கப்பலும் இல்லை, வழியும் இல்லை. ஆகவே பலகையையும் சாயத்தையும் துணியையும் கொண்டு இங்கேயே பர்மா எழும்பியது. ஜெமினியிலும் கொத்தமங்கலம் சுப்பு அவர்களின் இயக்கத்தில், அதே யுத்தப் பின்னணியில், ‘கண்ணம்மா என் காதலி’ என்ற ஹாஸ்யப் படம் தயாராகி 1945இல் வந்தது.

அந்தப் பர்மாவை நம் ஜனங்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? இந்த ஜில்லாவிலிருந்து பர்மாவுக்குப் போகாத ஊர் அபூர்வம். செட்டிநாட்டார் லேவாதேவிக்குப் போனார்கள்; கணக்குப்பிள்ளையாக, சமையல் ஆளாக, நெல்லறைவை மில் கூலியாக, கப்பல்துறைச் சுமைகூலியாக மற்றவர்கள் போனார்கள். மழை பொய்த்த வருஷங்களில் இந்தப் பக்கத்துக்குக் கஞ்சி வார்த்தது அந்தக் கடலுக்கு அப்பால் இருந்த சீமைதான். 1942இல் ரங்கூன் விழுந்தபோது, கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் மலைகளைத் தாண்டிச் சிட்டகாங்குக்கும், தாமு வழியாக மணிப்பூருக்கும், ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமுக்கும் நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் ஆயிரமாயிரம் பேர் மடிந்தார்கள். வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று அங்கேயும் பேதம் பாராட்டப்பட்டதாகப் பெரும் புகார் எழுந்தது.

இனி, அப்படி நடந்து வந்து சேர்ந்த ஒருவர் டூரிங் டாக்கீஸ் கொட்டகையில், தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து, ‘பர்மா ராணி’ பார்ப்பதை எண்ணிப் பாருங்கள். வெளியே ஆயில் எஞ்சின் ஓடுகிறது. உள்ளே கார்பன் குச்சி எரிந்து வெளிச்சம் விழுகிறது. திரையில் புத்த விஹாரம் வருகிறது; பர்மா உடையணிந்த தமிழ்ப் பெண் வருகிறாள்; பாட்டு வருகிறது. சுற்றியிருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். அவரோ, நிஜமான பர்மாவின் மலைப்பாதையில் தோளிலிருந்து இறக்கி விட்டுவந்த பிள்ளையை நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் எழுந்து போயிருப்பாரா, அல்லது நகைச்சுவைக் காட்சியில் அவரும் சிரித்திருப்பாரா? அவரும் சிரித்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். மனுஷ்ய ஹிருதயம் அப்படிப்பட்டது. நம்மவர் எடுக்க வேண்டிய படம் அந்தச் சிரிப்பிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

இதற்குள் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றதும், மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள், பர்மாவிலும் சேர்ந்தார்கள். மூத்தவன் பிரிட்டிஷ் பட்டாளத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்திருக்க, இளையவன் மலாயாவில் நேதாஜியின் படையில் நின்ற குடும்பங்கள் தெற்கத்திச் சீமையில் இருந்தன. திரையில் பர்மாவின்மேல் குண்டு போடப் பறக்கும் விமானிக்குக் கைதட்டினால், அந்தக் குண்டு யார் தலையில் விழும்? 1945 நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் நேதாஜியின் சேனாதிபதிகள்மேல் விசாரணை தொடங்கியபோது தேசமே அவர்கள் பக்கம் நின்றது. லைசென்ஸ் பெற்று எடுத்த படங்களோ அதே வருஷத்தில் எதிர்ப்பக்கத்து நியாயத்தைத் திரையில் பேசிக்கொண்டிருந்தன.

யுத்தம் முடிந்த கையோடு, ஏவி. மெய்யப்பன் அவர்கள் சென்னையில் மின்சாரமும் சாமான்களும் கிடைக்காமல், காரைக்குடிக்கு அருகே தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகைகளில் ஸ்டூடியோ அமைத்து, பாரதியாரின் பாடல்கள் ஒலிக்கும் ‘நாம் இருவர்’ படத்தை எடுத்து 1947 பொங்கலுக்கு வெளியிட்டதைப் பலர் அறிவார்கள்; நம் பழைய ஜில்லாவின் செம்மண்ணில் எழுந்த ஸ்டூடியோ அது. ஆனால் அதே காரைக்குடிப் பக்கத்து கோட்டையூரைச் சேர்ந்த ஏ.கே. செட்டியாரைப் பற்றிப் போதுமான அளவு நாம் பேசுவதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். மகாத்மா காந்தியின் வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்று 1937 அக்டோபர் 2ஆம் தேதி அட்லாண்டிக் சமுத்திரத்தில் கப்பலில் போகும்போது சங்கல்பம் செய்துகொண்டு, ஒரு லட்சம் மைல் சுற்றி, உலகெங்கும் சிதறிக் கிடந்த பிலிம் துண்டுகளில் 50,000 அடி சேர்த்து, அதில் 12,000 அடியைத் தொகுத்து, யுத்தம் மூண்டுவிட்ட 1940 ஆகஸ்டில் சென்னை ராக்ஸியில் வெளியிட்டார் அவர். அடக்குமுறைக்கு அஞ்சி அப்படத்தைப் பின்பு ஒளித்து வைக்க நேர்ந்தது. சர்க்கார் கொடுத்த பிலிமில் பர்மா திரையேறிய காலத்தில், காந்தி தகர டப்பாவுக்குள் மறைந்திருந்தார். சுதந்திரம் வந்த 1947 ஆகஸ்டில்தான் டில்லியில் அது மறுபடி திரைக்கு வந்தது.

மிருகசாலையின் பிணங்கள், 11,000 அடிக் கணக்கு, தடை பெற்றவருக்குக் கிடைத்த லைசென்ஸ், பலகையில் எழுந்த பர்மா, டப்பாவுக்குள் ஒளிந்த காந்தி ஆகிய யாவும் சேர்ந்து ஒரே கதையாக வரவேண்டிய படம் ஒன்று உண்டு. அதை யுத்தக் காட்சிகளும் குண்டுச் சத்தமுமாக எடுக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்டூடியோவின் தகரக் கூரைக்குக் கீழே, நெகடிவ் கணக்கெழுதும் குமாஸ்தா ஒருவரை நடுநாயகமாக வைத்து எடுக்கலாம். அவருடைய தமையன் பர்மாவில் காணாமல் போயிருக்கட்டும். பர்மா செட்டுக்கு எத்தனை கஜம் துணி, எத்தனை மூங்கில் என்று அவர் கணக்கு எழுதட்டும். அதில் வரும் சிரிப்பு ரேஷன் சீட்டையும் உத்தரவையும் முத்திரையையும் பார்த்துச் சிரிப்பதாக இருக்க வேண்டும். நடந்து வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பதாக ஒருபோதும் இருக்கக் கூடாது. இந்த எல்லையைக் காப்பாற்றத் தெரிந்த டைரக்டர் தமிழில் இருக்கிறார் என்று நான் திடமாக நம்புகிறேன்.

ஆனால் அவருக்குச் சரக்கு வேண்டும். ஸ்டூடியோக்காரர்களின் பக்கத்தை ஒருவாறு எழுதி வைத்திருக்கிறார்கள். தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களின் பக்கத்தை எழுதியவர் இல்லை. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தப் பந்தலில் இருக்கிறீர்கள். எந்த வழியாக வந்தார்கள், எதைக் கொண்டுவந்தார்கள், வந்த பிறகு எந்தக் கொட்டகையில் என்ன படம் பார்த்தார்கள், பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று வீட்டில் கேட்டது எதுவாயினும், துண்டு துணுக்காக இருந்தாலும், கூட்டம் முடிந்ததும் வந்து சொல்லுங்கள். நோட்டும் பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன். அருப்புக்கோட்டைக்குக் கடைசி பஸ் வரும்வரை இந்த மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.